இரண்டு சாட்சிகளும் ஒரு மஞ்சள் கயிறும்

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கும் உற்றார், தெருக்காரர்கள், செட்டியார்பட்டித் தையல் யூனிட்டிலிருந்து வந்திருக்கும் அக்காமார் அனைவருக்கும் என் வணக்கம். நினைவு மலர் என்றால் பிறந்தார், வாழ்ந்தார், நற்குணங்கள் நிரம்பியவர் என்று எழுதுவதுதான் முறை. அம்மாவிடம் நற்குணங்கள் இருந்தன. முன்கோபமும் இருந்தது, அது எனக்கு அப்படியே வந்திருக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அம்மாவின் கழுத்தில் கடைசி வரை கிடந்த மஞ்சள் கயிற்றைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். "அவுகதான் கல்யாணத்தக் கோர்ட்டுல தீத்துட்டு வந்துட்டாகளே, பொறவு என்னத்துக்குக் கயிறு?" என்று என் காதுபடப் பேசியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பதிலை இன்று சொல்லிவிடுகிறேன்.

அம்மா பிறந்தது சென்னை இராயபுரத்தில், ஒரு பார்சிக் குடும்பத்தில். பார்சிகள் பல தலைமுறைகளுக்கு முன் பாரசீகத்திலிருந்து குஜராத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். நெருப்பின் முன் நின்று கடவுளை வணங்குகிறவர்கள். சென்னையில் எங்கள் மக்கள் மிகவும் கொஞ்சம். அம்மாவுக்குச் சிறு வயதிலேயே பெற்றோர் இல்லாமல் போனதால் தாய்மாமா வீட்டில் வளர்ந்தார். வீட்டில் குஜராத்தி, பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இராயபுரத்துத் தமிழ். அந்தத் தமிழைப் பேசத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது. இது பின்னால் எவ்வளவு பெரிய வம்பில் கொண்டுவிடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அப்பா நூல் மில் இயந்திரங்களைப் பொருத்தும் இன்ஜினியர். அவரும் இராயபுரத்துப் பார்சிதான். அப்பா வீட்டில் அப்போது ஒரு சாவு நடந்திருந்ததால் கல்யாணம் தாய்மாமா வீட்டுக் கூடத்தில் சிறியதாக நடந்தது. எங்கள் திருமணத்தில் தாலி கிடையாது. குரு வேதம் ஓதி, மணமக்கள் மேல் அரிசி தூவி ஆசீர்வாதம் செய்வார். அந்த ஆசீர்வாதத்தைக் குருவைத் தவிர இரண்டு பார்சிகள் சாட்சியாக நின்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் சட்டப்படி அது கல்யாணமே இல்லை. அன்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இருவர்: மாப்பிள்ளைப் பக்கம் அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை; பெண் பக்கம் தாய்மாமா. சான்றிதழை மடித்து அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதோடு அதை அம்மா பார்க்கவில்லை.

கல்யாணமாகி இரண்டாம் மாதம் அப்பாவுக்கு இராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை கிடைத்து இருவரும் இங்கே வந்தார்கள். வீடு பார்க்கப் போன இடத்தில் வீட்டுக்காரர் அம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். பக்கத்து வீட்டு வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் பெத்தம்மா. தெலுங்கு பேசும் குடும்பம், சின்னப் பெண்களை 'அம்மாயி' என்றுதான் கூப்பிடுவார்; அம்மாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். விறுவிறுவென்று வந்து அம்மாவின் கையைப் பிடித்துத் தன் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"அம்மாயி, உங்க ஆளுகள்ல தாலி இல்லையா?"

"இல்லீங்க. எங்களுக்கு அரிசி போட்டா முடிஞ்சிச்சு."

"அரிசி கழுத்துல நிக்குமாக்கும்? குனி."

மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டு அவரே கட்டிவிட்டார். வீடு கிடைத்தது. அப்பா அதைப் பார்த்துச் சிரித்ததோடு சரி, அதற்கு மேல் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வோர் ஆடிப் பதினெட்டுக்கும் தெருப் பெண்கள் தாலிக் கயிறு மாற்றும்போது அம்மா பெத்தம்மா முன்னால் போய் உட்காருவார். பெத்தம்மா பழைய கயிற்றைக் கழற்றிப் புதுக் கயிறு கட்டுவார். எங்கள் வீட்டுப் பண்டிகைகளில் அதுவும் ஒன்றாகிப் போனது. அம்மாவின் இடுப்பில் எங்கள் மதத்துக்குரிய கம்பளிக் கயிறு, கழுத்தில் பெத்தம்மாவின் மஞ்சள் கயிறு. இரண்டுக்கும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் இனிக்கிறது. அம்மா காலையில் தக்காளி, பச்சைமிளகாய் போட்டு முட்டை கிளறினால் தெருவே மணக்கும். பருப்பும் காயும் கறியும் ஒன்றாக வேகவைக்கும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் பெத்தம்மா தன் மசாலாப் பொடியைக் கொட்டிவிட்டு, "இப்பத்தான் இது குழம்பு" என்பார். அம்மாவின் "இன்னா"வைக் கேட்டுக் கேட்டுத் தெருப் பிள்ளைகள் சிரிக்கும். ஐந்தாறு ஆண்டுகளில் அம்மாவும் "எம்புட்டு, அம்புட்டு" என்று பேசத் தொடங்கிவிட்டார். ஆனால் கோபம் வந்தால் மட்டும் இராயபுரம் திரும்பிவிடும்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பா பம்பாயில் வேலை என்று போனார். முதலில் கடிதம் வந்தது, பிறகு கடிதமும் நின்றது. அங்கே அவருக்கு வேறொரு வாழ்க்கை அமைந்துவிட்டது என்று அத்தைதான் வருத்தத்தோடு எழுதினார்.  கடிதம் வந்த மறுநாளே அம்மா செட்டியார்பட்டிக்குப் பஸ் ஏறி, நைட்டி தைக்கும் யூனிட் ஒன்றில் துணி வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார். கத்திரி பிடித்துப் பிடித்து அவர் பெருவிரலில் விழுந்த காய்ப்பு கடைசி வரை போகவில்லை. மூன்று ஆண்டுகள் பார்த்துவிட்டு ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போடச் சொன்னவர் பெத்தம்மா.

ஜில்லா கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே ஒரு வக்கீல் சாரிடம் போனோம். நல்ல மனிதர். அவருடைய குமாஸ்தா அண்ணாச்சி அவரைவிட நல்ல மனிதர், அங்கேதான் வம்பு. அம்மாவைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், கண்ணீரைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வழக்கமாக அடிக்கும் மனுவையே அடித்துவிட்டார். "உற்றார் உறவினர் முன்னிலையில், இந்து சமயச் சடங்குகளின்படி, எதிர்மனுதாரர் மனுதாரருக்குத் திருமாங்கல்யம் கட்டி…" என்று அது போகும். தமிழ் படிக்கத் தெரியாத அம்மா பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். வழக்கு முடிந்தது போலவே இருந்தது எங்களுக்கு.

அம்மாவின் பெயரைப் பார்த்ததும் கோர்ட்டில் சந்தேகம் வந்து, மனு திரும்பி வந்தது. பார்சிகளுக்குத் தனித் திருமணச் சட்டம் உண்டு, இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வர முடியாது என்றார்கள். இந்தப் பக்கத்தில் பார்சிகளே இல்லாததால் சென்னையில் உள்ள பார்சி திருமண நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். குமாஸ்தா அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மஞ்சக் கயிறு கெடந்துச்சும்மா. கேட்டா அழுதுருவிகளேன்னு கேக்காம விட்டுட்டேன்."

"கேட்டிருந்தா அழுதிருப்பேன், அப்பால சொல்லியிருப்பேன். இன்னா அண்ணாச்சி நீங்க!" என்றார் அம்மா. கோபம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அப்பா கைவிட்டுப் போனதைக் காரணமாகக் காட்டி, விவாகரத்தும் ஜீவனாம்சமும் கேட்டு சென்னையில் வழக்குப் போட்டோம். அங்கே நீதிபதியோடு ஐந்து பார்சிப் பெரியவர்கள் உட்காருவார்கள். நடந்தது என்ன என்பதை அவர்கள்தான் பெரும்பான்மையாகத் தீர்மானிப்பார்கள். ஜீவனாம்சத்தை மட்டும் நீதிபதி தனியாக முடிவு செய்வார். அம்மாவுக்கு அந்த ஐந்து பேரை நினைத்தால்தான் நடுக்கம். எல்லாம் இராயபுரத்தில் எங்கள் நெருப்புக் கோயிலில் முகம் பார்த்த மனிதர்கள்.

அப்பாவின் வக்கீல் போட்ட பதிலில் எங்கள் மேல் இடி விழுந்தது. ஆசீர்வாதமே நடக்கவில்லை, ஆகவே கல்யாணமே செல்லாது என்றார்கள். ஆதாரம்? அம்மா கையெழுத்துப் போட்ட அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மனு. தாலி கட்டித்தான் கல்யாணம் என்று அவரே சொல்லியிருக்கிறாரே! சான்றிதழ் அப்பாவிடம் போனது, அது பதிவாகவும் இல்லை. ஓதிய குரு இறந்துவிட்டார். தாய்மாமாவும் இறந்துவிட்டார். அன்று கூடத்தில் இருந்த மற்றவர்கள் யாரும் இப்போது சென்னையில் இல்லை. சான்றிதழ் பதிவாகாததால் மட்டும் கல்யாணம் செல்லாமல் போகாது, ஆனால் ஆசீர்வாதம் சாட்சிகள் முன் நடந்ததை நிரூபிக்க வேண்டும் என்றார் எங்கள் சென்னை வக்கீல். கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பானாலும் பிள்ளைக்குக் குறையில்லை, சட்டம் அதை முறையான பிள்ளையாகவே வைத்திருக்கிறது என்று என்னைக் காட்டி ஆறுதலும் சொன்னார்.

"அப்ப இவளுக்கு அப்பா உண்டு, எனக்குப் புருஷன் இருந்ததே இல்லையா? இத்தினி வருஷம் நான் யாரு?" என்றார் அம்மா. காசு அவருக்கு அப்போது இரண்டாம்பட்சமாகிவிட்டது. மிஞ்சியிருந்த ஒரே சாட்சி என் அத்தை. தன் கூடப் பிறந்த தம்பிக்கு எதிராக அவர் கூண்டில் ஏற வேண்டும். அம்மா அத்தையிடம் போய்க் கேட்கவே இல்லை. "எப்படிக் கேக்க?" என்று மட்டும் சொன்னார். சம்மனை வக்கீல்தான் அனுப்பினார்.

விசாரணை நாளில் அம்மாவைத்தான் முதலில் ஏற்றினார்கள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். அப்பாவின் வக்கீல், கழுத்தில் என்ன என்று கேட்டார்.

"தாலி."

"யார் கட்டியது?"

"பக்கத்து வீட்டம்மா. வீட்டுக்காரர் வீடு தரமாட்டேன் என்றார், அதனால் கட்டினார்கள். அந்தம்மா என்னை விட்டுவிட்டு எங்கும் போகவில்லை. அவர் மேல் எனக்கு வழக்கும் இல்லை."

ஐந்து பெரியவர்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். நான் பின் பெஞ்சில் அழுதுகொண்டிருந்தேன்.

அடுத்து அத்தை. அப்பாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு, கூடத்தின் எந்த மூலையில் நின்றார், குரு எந்தப் பக்கம் திரும்பி அரிசி தூவினார், தனக்கு அடுத்து யார் கையெழுத்துப் போட்டார் என்று ஒன்று விடாமல் சொன்னார். தம்பி மேல் ஏதும் மனத்தாங்கலா என்று கேட்டார்கள்.

"இவனைத் தொட்டிலில் ஆட்டியவள் நான். அதற்காக நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை என்று சொல்ல முடியுமா?"

அப்பா நிமிரவே இல்லை. ஐந்து பேரும் ஒருமனதாக ஆசீர்வாதம் நடந்தது என்றார்கள். விவாகரத்து கிடைத்தது. மாதாமாதம் ஜீவனாம்சத்துக்கும் நீதிபதி உத்தரவிட்டார். மனைவியாக இருந்தாய் என்று சொன்ன அன்றே இனி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்பா அதன் பிறகு அத்தை வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. அத்தை எங்களுக்காகக் கொடுத்த விலை அது.

அந்த ஆண்டு ஆடிப் பதினெட்டு அன்று தெருவே எங்கள் வாசலைப் பார்த்தது. அம்மா குளித்துவிட்டு நேராகப் பெத்தம்மா வீட்டுக்குப் போய் வழக்கம் போல உட்கார்ந்தார்.

"கட்டவா?" என்றார் பெத்தம்மா.

"கோர்ட்டு அவரு அரிசியத்தான் திருப்பிக்கிடுச்சு பெத்தம்மா. உங்க கயித்தப் பத்தி ஒண்ணும் சொல்லல."

பெத்தம்மா கட்டினார். கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்.

பிறகு வந்தவை நல்ல ஆண்டுகள். அம்மா நாற்பது வயதுக்கு மேல் என் பழைய பாடப் புத்தகங்களை வைத்துத் தமிழ் படிக்கக் கற்றார். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதையும் சத்தமாகப் படிக்காமல் விடமாட்டார். என் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். தனியாக நான்கு தையல் மெஷின் போட்டார், அது பன்னிரண்டு மெஷினாக வளர்ந்தது. அவரிடம் வேலை பார்த்த அக்காமாரிடம், "படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாத ஏட்டி" என்று சொல்லிச் சொல்லி அலுக்கவைத்தார். குமாஸ்தா அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய், பத்திரிகையில் ஒரு எழுத்துப்பிழையையும் கண்டுபிடித்துவிட்டு வந்தார்.

கடைசி ஆறு மாதம் இதயம் பலவீனமாகிப் படுக்கையில் இருந்தார். போன ஆண்டு ஒரு காலை நேரத்தில், பெத்தம்மா ஊட்டிய இரண்டு வாய்க் கஞ்சியோடு அடங்கினார்.

நோயில் உதவிய மருத்துவருக்கும் செவிலியருக்கும், வண்டி ஏற்பாடு செய்த தெரு இளைஞர்களுக்கும், சென்னையில் முன்னின்று அடக்கம் செய்த எங்கள் சமூகப் பெரியவர்களுக்கும் நன்றி. இன்று உயிரோடு இல்லாத அத்தைக்கு என் வணக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் சாருக்கும் அண்ணாச்சிக்கும், ஆம், அண்ணாச்சிக்கும் நன்றி.

ஒருவர் மிச்சம். எங்கள் சடங்கு தொடங்கிவிட்டால் பார்சி அல்லாதவர்கள் முகம் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் அம்மாவைச் சென்னைக்குக் கொண்டு போகும் முன் தெரு முழுவதும் இங்கேயே வந்து பார்த்தது. கழுத்துக் கயிற்றை என்ன செய்வது என்று பெண்கள் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். தீர்ந்துபோன கல்யாணம், புருஷனும் முன்பே இறந்துவிட்டார், கழற்றுவதுதானே முறை என்றார் ஒருவர்.  சுவரைப் பிடித்துக்கொண்டு பெத்தம்மா எழுந்து வந்தார். கயிற்றின் முடிச்சு பின்னால் போயிருந்தது. அதை முன்னால் இழுத்துச் சரிசெய்தார்.

"கட்டுனவ நான். நான் இன்னும் உசுரோடதான இருக்கேன்? எதுக்குக் கழத்தணும்?"

இராயபுரத்தில் அம்மாவைக் குளிப்பாட்டிய பெண்களிடம் அதையே குஜராத்தியில் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கயிற்றை அப்படியே விட்டுவிட்டு, இடுப்புக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார்கள்.