ஸ்ட்ராங் ரூமின் இரண்டாவது சாவி

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் ஒருநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் என்னைப் பிடித்து லோரியில் ஏற்றினார்கள்.

அப்போது நான் மலாக்கா டவுனில் ஒரு பேங்கில் சின்ன கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக்கார மேனேஜர் போய்விட்டார். அதே கட்டடத்தில் ஜப்பானியர் தங்கள் பேங்கைத் திறந்து, பழைய ஆட்களையே திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள்.

எங்கள் பெரிய கிராணி பிள்ளை, காஜா பேராங் பகுதியில் பல தலைமுறையாக வாழும் மலாக்கா செட்டி. பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். கல்யாணமாகாத எனக்கு அவர் வீட்டில்தான் ஓர் அறை. இருவரும் சேர்ந்தே சைக்கிளில் போவோம்.

அன்று முச்சந்தியில் சிப்பாய்கள் தமிழ் ஆண்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு. பேங்க் பாஸை நீட்டினேன். சிப்பாய் அதைப் பார்க்காமலே ரோட்டில் எறிந்துவிட்டு, துப்பாக்கியால் லோரியைக் காட்டினான். தலை நரைத்த பிள்ளையைப் போகச் சொல்லிக் கையசைத்தார்கள்.

அவர் போகவில்லை. சைக்கிளை நிறுத்தி, குனிந்து வணங்கி, அங்கே நின்ற ஜப்பானிய அதிகாரியிடம் மலாயில் சொன்னார்:

"துவான், எங்க ஸ்ட்ராங் ரூமுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என் பொறுப்பு, இன்னொண்ணு இவன் பொறுப்பு. இவன் இல்லாட்டி பேங்க் திறக்க முடியாது."

நான் அந்தச் சாவியைத் தொட்டதுகூட இல்லை. இரண்டாவது சாவி எப்போதும் ஜப்பானிய மேனேஜரிடம்தான் இருக்கும்.

"பேங்குக்கே போய்க் கேக்குறோம். பொய்யா இருந்தா கிழவா, நீயும் லோரிதான்" என்றார் அதிகாரி.

நான் லோரியிலிருந்து இறங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, எம் பேரு ராமையா, ஊரு புக்கிட் காதில். வீட்ல பொண்டாட்டி அஞ்சலைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

சிப்பாய் ஒருவன் எங்களை பேங்குக்கு நடத்திப் போனான். மேனேஜர் அதிகம் பேசாத மனிதர். சிப்பாய் சொன்னதைக் கேட்டுவிட்டு பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னை. அவர் மேசை டிராயரைத் திறந்து, தம்முடைய சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நேரமாச்சு. போய்த் திற" என்றார் மலாயில்.

சிப்பாய் சல்யூட் அடித்துவிட்டுப் போனான். ஸ்ட்ராங் ரூம் முன்னால் நின்று பிள்ளை தம் சாவியை இரண்டு மூன்று முறை பூட்டில் வைத்துப் பார்த்தார். அது நுழையவே இல்லை. அவர் கையைப் பிடித்து நான்தான் நுழைத்தேன். மேனேஜர் என்னிடம் கொடுத்த சாவியைத் திரும்பக் கேட்கவே இல்லை. சொன்ன பொய் அன்றோடு உண்மையாகிவிட்டது.

சாயங்காலம் இருவரும் புக்கிட் காதிலுக்குப் போனோம். அஞ்சலை வாசலில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"மேல சட்டை போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தாரு அக்கா."

"மழைக்காடுன்னு சொல்றாங்களே. குளிருமே."

பிள்ளைக்குத் தமிழ் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் போய், சைக்கிள் கேரியரிலிருந்து பேங்கில் கொடுத்த ரேஷன் அரிசிப் பையை அவிழ்த்து அந்த அம்மாவின் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு எப்போது ரேஷன் வந்தாலும் ஒரு பங்கு அங்கே போனது, என்னுடையதிலிருந்தும் சேர்த்து. என்னிடம் அவர் கேட்டதில்லை, நானும் ஏன் என்று கேட்டதில்லை.

ஜப்பான்காரன் போன பிறகு ராமையா திரும்பி வந்தார். மலேரியாவில் பாதி உடம்பாகியிருந்தார். அஞ்சலையோடு எங்களைத் தேடி பேங்குக்கு வந்தபோது பிள்ளை எழுந்து, தம் நாற்காலியில் அவரை உட்கார வைத்தார். இருவருக்கும் பொதுவாகப் பேச அதிகம் வார்த்தை இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். கவுண்டரில் வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு நானும் மேனேஜராகி ஓய்வுபெற்றேன். ஒருவருக்கு ஜாமீன் சொல்லுமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று இளம் அதிகாரிகள் கேட்பார்கள். விதிகளையெல்லாம் சொல்வேன். கூடவே இதையும் சொல்வேன்: அன்று முச்சந்தியில் பிள்ளை பேசாமல் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு இவனைத் தெரியும் என்று அவர் நின்று சொன்னார். அதனால்தான் எனக்கு இத்தனை வருட வாழ்க்கை கிடைத்தது.