பாதுகாப்புக்கு ஒரு யூரோ அறுபது

செவெரின் வன்ஹூட் பிரான்சின் ரூபே நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் பதினோரு வருடமாகத் தட்டு கழுவுகிறவள். எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதானாலும் அடிவரைக்கும் படிப்பாள். சம்பளச் சீட்டில் மாதம் ஒரு மணி நேரம் விட்டுப்போவதைக் கண்டுபிடித்து, தன்னோடு வேலை பார்க்கும் அத்தனை பேருக்கும் அந்தக் கூலியை வாங்கிக் கொடுத்தவள். அப்படிப்பட்டவள் அந்தச் சனிக்கிழமை படிக்காமல் ஒரு பொத்தானை அழுத்திவிட்டாள்.

மகள் நினோனின் வகுப்பு திங்கள் காலை ஆறு மணிக்குப் பனிமலைக்குக் கிளம்புகிறது. பத்து நாள். பள்ளி கொடுத்த பட்டியலில் பனிச்சறுக்கு உடை கட்டாயம். இல்லாத பிள்ளை விடுதிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். புதிது எழுபது யூரோ. பழைய துணி விற்கும் செயலியில் பதினெட்டுக்கு ஒன்று அகப்பட்டது. அதன் மேல் தபால் செலவு, அதற்கும் மேல் 'வாங்குபவர் பாதுகாப்பு' என்று ஒரு யூரோ அறுபது. யாரிடமிருந்து பாதுகாப்பு? அதை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. புதிது வாங்க முடியாதவளிடம் அந்த முடியாமைக்கே வசூல் செய்கிறார்கள், வேறென்ன?

பொட்டலம், தபால் பொட்டலங்களை வாங்கி வைத்துக் கொடுக்கும் புகையிலைக் கடைக்கு வந்திருந்தது. கடைக்கார முராத் அவசரப்படுத்தினான்.

"சீக்கிரம் மதாம், பின்னாடி வரிசையில நிக்கிற லாட்டரிக்காரங்க என்னைக் கொன்னுருவாங்க."

கைபேசி 'எல்லாம் சரியா?' என்று கேட்டது. பொட்டலம் கைக்கு வந்ததைத்தான் கேட்கிறது என்று நினைத்து 'சரி' என்று அழுத்தினாள். விற்றவருக்குப் பணம் போய்விட்டது.

வீட்டில் பிரித்தால், உள்ளே தங்கச் சரிகை மின்னும் நீச்சலுடை.

"இதப் போட்டுக்கிட்டா பனியில சறுக்கணும்?" என்றாள் நினோன். சிரிப்பதா அழுவதா என்று அவள் உதடு இன்னும் முடிவு செய்யவில்லை.

செவெரின் புகார் எழுதினாள். மறு நொடியே பதில்: 'நீங்கள் சரி என்று உறுதி செய்துவிட்டதால் பாதுகாப்பு முடிவடைந்தது.' மறுநாள் ஞாயிறு. கடை ஒன்றும் திறக்காது.

ராத்திரி அவள் அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அனுப்பியவர் விலாசம் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த தெரு! நடந்தால் நாலு நிமிடம். இந்தப் பெட்டி லீல் நகரத்துக் கிடங்குவரை போய், மூன்று நாள் சுற்றி, அவள் மூக்குக்கு எதிரிலிருந்தே வந்திருக்கிறது.

காலை ஒன்பதுக்குக் கதவைத் தட்டினாள். அறுபதைத் தாண்டிய ஒருத்தி இரவு அங்கியோடு திறந்தாள்.

"மதாம் க்ரோம்பேஸா? இது உங்களோடதுன்னு நினைக்கிறேன்." செவெரின் நீச்சலுடையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஐயையோ! துலூஸ் ஊர் நடனக்காரி வாங்குனது! அப்ப அவளுக்குப் போற பெட்டியில உங்க உடை..."

"போயிருச்சா?" செவெரின் வாசற்படிக்குள் ஒரு கால் வைத்தாள்.

"எங்க போகும்? முழங்கால் வலி, நாளைக்குத் தபால்ல போட்டுக்கலாம்னு விட்டுட்டேன். உள்ள வாங்க, கத்திரிக்கோல் தேடணும்."

நாற்காலி மேல், ஒட்டி முடித்த ஒரு பெட்டி. வெட்டினார்கள். நீல நிற உடை, ஒரு நூல் பிரியாமல்.

செவெரின் காலிப் பெட்டியைத் தள்ளிவிட்டு அந்த நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள்.

"காப்பி குடிக்கிறீங்களா? மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

"குடிக்கிறேன். அந்த ஒரு யூரோ அறுபது உங்களுக்கு வந்துச்சா?"

"எனக்கா? பதினெட்டு மட்டுந்தான். உங்க பாதுகாப்புக்குன்னு சொன்னாங்களே!"

"என்னைப் பாதுகாத்தது உங்க முழங்கால் மதாம்."

கிழவி இருமும்வரை சிரித்தாள்.

நினோன் உடையைப் போட்டவள் கழற்ற மாட்டேன் என்றாள். மத்தியானம் அடுப்பு எரிகிற சமையலறையில், கழுத்துவரை பூட்டிக்கொண்டு, வேர்க்க வேர்க்க உருளைக்கிழங்கு வறுவல் தின்றாள். செவெரின் தடுக்கவில்லை. சோபாவில் சாய்ந்தாள், காலணியைக் கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள்.