என் குடலைப் பற்றி என்னிடம் சொல்லாதவர்கள்

1960களின் தொடக்கத்தில் பெங்களூர் காக்ஸ் டவுனில் குடியிருந்தோம். அங்கேயே ஒரு பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை. மலத்தோடு ரத்தம் போகத் தொடங்கியபோது பயந்துவிட்டேன். என் அப்பாவும் அக்காவும் நாற்பதைத் தாண்டாமல் குடல் புற்றுநோயில் போனவர்கள். கணவரோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். பிறகு என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கணவரை மட்டும் உள்ளே அழைத்துப் பேசினார். வெளியே வந்த கணவர், "மூலம்தான். காரத்தைக் குறைச்சுக்கோ" என்றார். நம்பினேன்.

ரத்தம் நிற்கவில்லை. சில மாதம் கழித்து, வகுப்பில் மயங்கி விழுந்த மறுநாள், தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எடுத்த எடுப்பிலேயே கடிந்துகொண்டார்.

"ஏம்மா, ஆபரேஷனே வேண்டாம்னுட்டீங்களாமே?"

"எந்த ஆபரேஷன் டாக்டர்?"

அவர் முகம் மாறியது. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். பெருங்குடல் முழுக்கச் சின்னச் சின்னச் சதை முளைகள். குடும்பத்தில் வழிவழியாக வருவது. விட்டுவைத்தால் ஏதாவது ஒன்று புற்றாக மாறிவிடும். அதற்கு முன்பே குடலை எடுத்துவிட வேண்டும்.

"நீங்க பயந்துடுவீங்கன்னுதான் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்" என்றார்.

"வயிறு என்னுது டாக்டர். என்கிட்டதானே சொல்லியிருக்கணும்?" என்று கேட்டேன்.

வீட்டில் கேட்டபோது கணவர் தலை குனிந்துகொண்டார். "நல்லா நடமாடிட்டு இருக்கற உன்மேல கத்தி வைக்க மனசு வரல" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா கடைசியில் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்த மனிதர் அவர். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கணவர் கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்போம் என்றார்கள். என் கையெழுத்து செல்லாதென்றால் இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் டாக்டரே வந்து என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

பெருங்குடலை எடுத்துவிட்டு, அடியில் மிஞ்சிய பகுதியோடு சிறுகுடலை இணைத்தார்கள். எடுத்த குடலில் ஒரு முளை அப்போதே புற்றாக மாறத் தொடங்கியிருந்ததாம். அதைக் கேட்டபோது தையல் வலியைவிடக் கோபம்தான் அதிகம் வலித்தது.

உடம்பு தேறியதும் என் தம்பியை நானே இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்கும் அதே முளைகள். இந்தமுறை டாக்டர் அவனையும் அவன் மனைவியையும் சேர்த்து எதிரே உட்காரவைத்து எல்லாம் சொன்னார். காலத்தோடு ஆபரேஷன் செய்துகொண்டு அவனும் பிழைத்தான்.

கணவரை மன்னித்துவிட்டேன். ஆனால் "உன் நல்லதுக்குத்தான் சொல்லல" என்று யாராவது சொன்னால், என் உயிரைப் பற்றி என்னைத் தவிர மற்றவர்கள் மட்டும் பேசி முடிவெடுத்த அந்த மாதங்கள் நினைவுக்கு வந்து, இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.