எட்டாவது கூறு

ஏழாம் வகுப்பில் எனக்குப் பின்னக் கழித்தல் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. எட்டில் எட்டிலிருந்து எட்டில் ஒன்றைக் கழித்தால் ஏழில் ஏழு என்றுதான் எழுதுவேன். டீச்சர் சிவப்பு மையால் அடித்துத் தருவார். நானும் விடாமல் சண்டைக்கு நிற்பேன்.

"ஒண்ணு போயிருச்சுல்ல டீச்சர், அப்புறம் எதுக்குக் கீழ எட்டு?"

"போனது போனதுதான். எத்தனை கூறாப் போட்டோமோ அது மாறாது. கீழ எட்டு அப்படியேதான் கெடக்கும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டுக் கணக்கு அப்படி இல்லையே.

சமயநல்லூர்ப் பக்கம் எங்கள் பங்காளிகள் சேர்ந்து தீபாவளிக்குக் கிடா வெட்டுவார்கள். தலைக்கட்டுக்கு ஒரு கூறு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. ஆள் செத்தால் தலைக்கட்டும் போய்விடும், அவர் மனைவிக்குக் கூறு கிடையாது. எட்டுப் பேரில் ஒருவர் போனால் கிடா ஏழு கூறாகும். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஏழில் ஏழு எப்படித் தப்பாகும்?

அந்த எட்டில் ஒருவர் என் சித்தப்பா. வடக்கே முறுக்குக் கம்பெனி வேலைக்குப் போனவர். இரண்டு மாதம் தினமும் பேசினார். பிறகு போன் சுவிட்ச் ஆஃப். தேடிப் போனவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள். சித்தி பொட்டை அழிக்காமல் எங்கள் வீட்டிலேயே இருந்தாள்.

அவர் காணாமல் போனபின் வந்த மூன்றாவது தீபாவளிக்கு முந்தைய நாள், கூறு போடுகிற பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மூணு வருசமாச்சு தம்பி. இந்த வருசம் ஏழாப் போட்டுருவோம்" என்றார் அப்பாவிடம்.

அடுப்படியில் சித்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஏழாகப் போட்டால் சித்தப்பா செத்துவிட்டார் என்று ஊர் முடிவு கட்டிவிடும். அது எனக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் காலை, வேப்ப மரத்தடியில் வாழை இலைகளை விரித்து, ஈரல், எலும்பு, கொழுப்பு எல்லாம் கூறுக்குக் கூறு சமமாகப் பெரியப்பா போட்டு முடித்தார். எண்ணினால் எட்டு.

"கைப்பழக்கம்" என்று சிரித்தார். எல்லாவற்றையும் அள்ளிச் சேர்த்து மறுபடி போட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு கூறுக்கும் வாய்விட்டு எண்ணினார். "ஏழு" என்று சொல்லிக் கையைத் துடைத்ததை நான் பார்த்தேன், கேட்டேன். இலையில் எட்டுக் கூறு இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் எட்டே போட்ட கை, வாய் சொன்னதைக் கேட்காமல் போயிருக்கலாம். இன்றைக்கு அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அன்று நான் அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். கறிக்காகக் கத்திக்கொண்டிருந்த காக்கைகள்கூட எப்போது நிறுத்தின என்று தெரியவில்லை. எந்தக் கூறு அதிகம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, எல்லாம் ஒரே அளவு.

"எட்டாவே இருக்கட்டும்ணே" என்றார் அப்பா, மெதுவாக.

அப்போதுதான் சித்தி வந்தாள். பெண்கள் கூறு போடுகிற இடத்துக்கு வருவதில்லை. அவளை யாரும் தடுக்கவும் இல்லை. கடைசி இலை முன்னால் உட்கார்ந்தாள். அதிலிருந்து ஒரு பிடி எடுத்து முதல் கூறில் வைத்தாள். இன்னொரு பிடியை இரண்டாவதில். ஏழு பிடி. இலையில் ரத்தம் மட்டும் மிஞ்சியது.

"இப்ப எண்ணிப் பாருங்க மாமா" என்றாள் பெரியப்பாவிடம். அவர் எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து அவளே குழம்பு வைத்தாள். மூன்று வருடமாகச் சித்தப்பாவுக்கு ஒரு தட்டு வைத்துவிட்டுத்தான் தனக்கு எடுப்பாள். அன்று ஒரே ஒரு தட்டை எடுத்தாள். எங்கள் யாரையும் பார்க்காமல் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள்.