ஈரலில் கை வைக்குமுன்

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மதியம் காதர் பாய் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவருடைய கல்லீரலின் இடது மடலில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. விட்டால் ஆள் பிழைக்கமாட்டார்.

1960களின் நடுப்பகுதி. நான் பம்பாயில் ஒரு பொது மருத்துவமனையில் சர்ஜரி ரெஜிஸ்ட்ரார், அதாவது பயிற்சியில் இருந்த இளம் டாக்டர்; வீடு மாதுங்காவில். கல்லீரல் என்றால் எங்களுக்குத் தெரிந்தது இரண்டு வேலைதான்: சீழ்க்கட்டியை ஊசியால் உறிஞ்சுவது, அடிபட்டு ரத்தம் கொட்டினால் காஸ் துணி வைத்து அடைப்பது. ஒரு மடலையே எடுப்பது ஜர்னலில் படிக்கிற சங்கதி.

எங்கள் சீஃப் படித்ததோடு நிற்கவில்லை. ஈரலைக் கத்தியால் வெட்டாமல் விரல்களால் நசுக்கிப் பிரிப்பது புது முறை. சதை நொறுங்கிவிடும், ரத்தக்குழாய்கள் நூல்போல மிஞ்சும், அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டலாம். மார்ச்சுவரியிலும் ஆட்டீரலிலும் அவர் அதைப் பழகியிருந்தார்.

காதர் பாய்க்குத் தாராவியில் கறிக்கடை. கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர். அவர் பயத்துக்குக் காரணமே அந்தத் தொழில்தான்.

"தம்பி, நான் தெனம் ஈரலைத் தொடுதவன். வெண்ணெ மாதிரில்லா இருக்கும். அதுல தையலு எப்படி நிக்கும்?"

கட்டிலருகே நின்ற அவர் மனைவி சொன்னார்: "ஊரு ஆட்டையெல்லாம் அறுத்தாச்சு. இப்பத்தான் இவுகளுக்குப் பயம் வருது."

"நீ சும்மா இரி. ஆடு எதுத்துக் கேள்வி கேக்கல. நான் கேக்கேன்."

சீஃபை அழைத்து வந்தேன். கடைக்கு வேண்டிய இந்தி காதர் பாய்க்கு உண்டு. ஆனால் உயிர் விஷயத்தைத் தமிழில்தான் பேசுவேன் என்றார். சீஃபுக்குத் தமிழ் தெரியாது; நான் இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

"இதுக்கு முன்ன இவரு எத்தன பேருக்கு இதப் பண்ணிருக்காரு?"

ஒருவருக்கும் இல்லை என்றார் சீஃப். அதை அப்படியே சொன்னேன்.

காதர் பாய் சீஃபை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. எங்கடையில புதுசா வாரவனும் மொத ஆட்டை ஒருநாள் அறுத்துத்தான் ஆவணும். ஆனா தனியா விடமாட்டோம். இவரு பக்கத்துல யாரு நிப்பா?"

"நான் நிப்பேன் பாய்."

"நீங்க சின்னப் புள்ளலா. வெவரம் தெரிஞ்ச ஆளு வேணும்."

இதையும் நான் மொழிபெயர்த்ததும் சீஃப் சிரித்தார். பிறகு ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு, வேறொரு மருத்துவமனையில் இருந்த மூத்த சர்ஜனிடம் பேசினார். விபத்தில் கிழிந்த ஈரல்களை நிறையப் பார்த்தவர் அவர். வருவதாக ஒப்புக்கொண்டார். காதர் பாய் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அன்று, ஈரலுக்குள் போகும் ரத்தத்தைக் கிளாம்ப் என்ற இடுக்கியைப் போட்டு நிறுத்தினோம். விரல் முறை படித்தபடியே நடந்தது. கடைசியில் ஆழத்தில் ஒரு சிரை கிழிந்தது. அது ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழி, கிளாம்புக்குக் கட்டுப்படாது. வயிறு ரத்தத்தால் நிறைந்தது. சீஃபின் இடது கை ஈரலைத் தாங்கியிருந்தது. அதை எடுத்தால் கிழிசல் இன்னும் நீளும். ரத்தத்தை உறிஞ்சும் என் சக்ஷன் குழாயால் சமாளிக்க முடியவில்லை. எதிரே நின்ற மூத்தவர் ரத்தத்துக்குள் விரலை விட்டுத் துளையைத் தேடி அழுத்தினார்.

"அவசரமில்லை. பார்த்துத் தை," என்றார் மராத்தியில்.

சீஃப் தைத்தார். மூத்தவர் விரலை எடுத்தார். தையல் நின்றது. சில வாரங்கள் கழித்து காதர் பாய் நடந்தே வீட்டுக்குப் போனார்.

பின்னாளில் நானே சீஃப் ஆனேன். புதிய ஆபரேஷன் எதற்கும், மேஜைக்கு எதிர்ப்பக்கம் யார் நிற்பார் என்று தெரியாமல் நான் தேதி கொடுத்ததில்லை.