ஒரே நாளில் மூன்று சீட்டு: கவினோடு புதுச்சேரி

என் மகன் கவினுக்குக் கால் நீண்டுவிட்டது. ஒன்பது வயதுப் பையனுக்கு அது நல்ல செய்திதான். ஆனால் பிறவியிலேயே மூளை வாதம் உள்ளவனுக்குக் கால் நீண்டால், காலைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிச் சட்டமான காலிப்பரும் புதிதாக வேண்டும். அதற்காகத்தான் ஜூன் இரண்டாம் வாரம், ஒரு திங்கட்கிழமை, திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பினோம்.

காலை 6.10 பஸ். 38 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஜன்னலோர இருக்கை தனக்குத்தான் என்று கவின் துரை முதல் நாளே அறிவித்திருந்தார். பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோ 120 ரூபாய். சக்கர நாற்காலியை மடக்கி ஏற்றிய டிரைவர் அதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

எலும்பு டாக்டர், பிசியோதெரபி, காலிப்பர் அளவு, மூன்றும் எங்களுக்கு அன்றைக்கே. அலுவலக நண்பர் ஒருவர் உள்ளே தெரிந்தவருக்குப் போன் போட்டிருந்தார்.

பெஞ்சில் பக்கத்தில் வீராம்பட்டினத்துச் செல்வி, ஏழு வயது மகள் யாழினியோடு. யாருடைய காலிப்பர் அதிகச் சத்தம் போடும் என்று பிள்ளைகள் இரண்டும் தரையில் தட்டிப் போட்டி நடத்த, நாங்கள் பேச ஆரம்பித்தோம். செல்வி மார்க்கெட்டில் மீன் விற்கிறார், கணவர் விசைப்படகில் போகிறார். மகளின் வைத்தியம் மொத்தமும் மீன்பிடித் தடைக்காலத்தில்தான். மற்ற மாதங்களில் விடியுமுன் மீன் எடுக்க ஓட வேண்டும். போன வருடக் காலிப்பர் அழுத்தி யாழினியின் கணுக்கால் சிவந்திருந்தது. செல்வியின் கையில் மூன்று சீட்டு, மூன்று தேதி. அளவு எடுப்பது அடுத்த வாரம் புதன்.

“சனிக்கிழமையோட தடை முடியுது சார். போட்டு கடல்ல எறங்கிட்டா நான் எங்க வர்றது? அளவு இனிமே அடுத்த வருசந்தான்.”

எனக்குச் சுருக்கென்றது. அவரையும் கவுண்டருக்கு அழைத்துப் போனேன். என் சீட்டைக் காட்டக் கூச்சமாக இருந்தது, காட்டினேன். நர்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்.

“அதே மூணு எடந்தான். வியாழக்கிழமை ஒண்ணாவே போட்டிருக்கலாம். நீ கேக்கலியேம்மா?”

“கேக்கலாம்னு எங்களுக்கு யாரு சொன்னா, அக்கா?”

செல்வி கோபப்பட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நர்ஸ் மூன்று சீட்டிலும் தேதியை அடித்து வியாழன் என்று எழுதினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டரை மணிக்கு எங்கள் வேலை முடிந்தது. கடற்கரைச் சாலையில் கவினுக்கு ஐஸ்கிரீம், எனக்கு டீ. ஐந்து மணி பஸ்ஸில் என் தோளில் தூங்கியே வந்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எட்டு மணிக்குள் வரிசைக்கு வந்துவிடுங்கள். பழைய ரிப்போர்ட் இரண்டு ஜெராக்ஸ் வேண்டும். சக்கர நாற்காலிக்குப் பின்வாசல் சரிவுப் பாதைதான் சுலபம். புதுக் காலிப்பர் தயாரானதும் வாங்கிப் போக வீட்டில் யார் வந்தாலும் போதும். முக்கியமாக, எல்லாவற்றையும் ஒரே நாளில் தர முடியுமா என்று கவுண்டரில் வாய்விட்டுக் கேளுங்கள்.

வியாழன் மாலை செல்வி போன் செய்தார். அளவு எடுத்தாயிற்றாம். போனை வைப்பதற்கு முன் சொன்னார்:

“யாழினிக்குக் கண் டாக்டரையும் நானே கேட்டு இன்னிக்கே பாத்துட்டேன் சார். பாகூர்லேர்ந்து ஒரு அக்கா நாலு சீட்டோட ஒக்காந்திருந்தாங்க. அவங்களுக்கும் எல்லாத்தையும் ஒரே நாளாக் கேட்டு வாங்கிக் குடுத்துட்டுதான் வந்தேன்.”