ஒரு விரல் தள்ளிய சீட்

அவளைக் கோணூசி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். வண்டிகளுக்கு சீட் தைப்பது, உள்ளே தூசி உறிஞ்சித் துடைத்துக் கொடுப்பது, கால் எட்டாதவனுக்கு சீட்டை முன்னால் இழுத்தும் முழங்கால் இடிக்கிறவனுக்குப் பின்னால் தள்ளியும் பொருத்துவது, இவையெல்லாம் அவள் தொழில். மெழுகு தடவிய நூல் கோத்த வளைந்த ஊசி ஒன்று எந்நேரமும் அவள் தோள்பட்டைத் துணியில் குத்தியிருக்கும். தூங்கும்போதும் அப்படித்தான் என்று பக்கத்துப் பட்டறையில் தகரம் தட்டும் டிங்கர் சொல்வார். அவர் எப்போது பார்த்தார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அவள் கோபம் ஊருக்கே தெரியும். புது ரெக்சின் மேல் சிகரெட்டால் பொத்தல் போட்ட ஒருவனின் சிகரெட்டைப் பிடுங்கி, அவன் உள்ளங்கையிலேயே அணைத்தாள். இடுப்பில் கைவைத்த லாரிக்காரன் ஒருவன் நெற்றியில் மரச்சுத்தியலின் வட்டத்தோடு போனான். மழை வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அந்த வட்டம் வலித்துவிடுவதால் அவன் தெருவில் யாரும் வானொலியில் வானிலை கேட்பதில்லையாம்.

இப்பேர்ப்பட்டவள் ஒருத்தனிடம் மட்டும் வாயையும் கையையும் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் தங்கச்சி புருஷன். பட்டறையில் அவனுக்கு ஒன்று கொடுத்தால், வீட்டில் தங்கச்சிக்கு அது நாலாகப் போய்ச் சேரும் என்று பயம்.

அவன் தன் காரைப் புது சீட் உறை போடவும் உள்ளே சுத்தம் செய்யவும் விட்டுப் போயிருந்தான். கோணூசி கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். பக்கத்து சீட்டின் தலைசாய்ப்பில், தையல் இடுக்கில், வேரோடு பிடுங்கிய நீள முடி. கதவின் உள்பக்க மெத்தையில் நகம் கிழித்த நாலு கோடுகள். சீட் பெல்ட்டில் காய்ந்து மொரமொரத்த ரத்தம். ஓட்டுநர் சீட் நகரும் இரும்புத் தண்டில், ஒரே ஒரு இடத்தில், வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டிருந்தது. அது எதற்கு என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் தங்கச்சி வந்து சேர்ந்தபோது புரிந்தது. இடது கையைத் துண்டால் சுற்றியிருந்தாள்.

“கதவுல மாட்டிக்கிச்சு அக்கா.”

“மாட்டிக்கிச்சா, மாட்டுனாங்களா?”

தங்கச்சி ஃபோம் மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

“வண்டி இங்க வர்றதுக்கு முன்னால, சீட்டுக்கு அடியில மண்ணு கெடந்துச்சு. கூட்டலாம்னு சீட்டை முன்பக்கம் இழுத்தேன். திரும்பத் தள்ளும்போது அவரு போட்ட கோட்டுக்கு ஒரு விரல் முன்னாலயே நின்னுடுச்சு. ‘எவன்டி என் சீட்ல உக்காந்தது’ன்னு கேட்டாரு. ஒரு விரல்தானேங்கன்னு சொன்னேன். எந்த விரல், காட்டுன்னாரு.” துண்டைப் பார்த்தாள். “காட்டினேன். கதவைச் சாத்துனதுல ரெண்டு மாட்டிக்கிச்சு.”

கோணூசி வாயில் கவ்வியிருந்த நூலைக் கடித்துத் துப்பினாள்.

“இனிமே போகாதே.”

“போகல அக்கா. ஆனா அவரு வந்து வாடின்னா என் காலு தானா எந்திரிச்சிடும். நீ என்னைப் பிடிச்சுக்கணும்.”

“பிடிச்சுக்கறேன். மொதல்ல இந்தக் கையை டாக்டர்கிட்ட காட்டணும். சீட்டை மாட்டிட்டு உடனே கிளம்பலாம்.”

பக்கத்து சீட்டின் போல்ட்டுகளை முறுக்கி முடித்திருந்தாள். ஓட்டுநர் சீட்டுக்குப் பின் போல்ட் இரண்டை மட்டும் போட்டிருந்தாள். வண்டிக்காரன் வந்து உட்கார்ந்து, முதுகு சரியா, கால் எட்டுகிறதா என்று சொன்ன பிறகுதான் முன் போல்ட் இரண்டையும் மாட்டுவாள். அவளுடைய பட்டறை வழக்கம் அது.

வண்டிக்காரன் சொல்லி வைத்தாற்போல் அப்போதே வந்தான்.

“என்ன அண்ணி, வண்டி ரெடியா? பொண்டாட்டியும் ரெடி போலிருக்கே.”

“வண்டி முடியல மாப்பிள்ளை. அவ வரல.”

“வாடி” என்றான், சத்தமே போடாமல்.

தங்கச்சியின் கால்கள் எழுந்துவிட்டன. கோணூசி பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் தங்கச்சியின் கொண்டையைப் பிடித்து இழுத்தான். கோணூசியின் வயிற்றில் ஒரு உதை விட்டான். அவள் விடாததால் இடது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. டிங்கர் சுத்தியலும் கையுமாக ஓடி வந்தார். அவன் ஒரு முறை முறைத்தான். டிங்கர் வந்த வேகத்திலேயே திரும்பிப் போய், எங்கேயும் நசுங்காத ஒரு மட்கார்டை மும்முரமாகத் தட்ட ஆரம்பித்தார்.

அவன் தங்கச்சியைப் பக்கத்து சீட்டில் எறிந்து கதவை அறைந்தான். சுற்றி வந்து ஓட்டுநர் சீட்டில் ஏறினான். அதற்குள் கோணூசி பின்கதவைத் திறந்து உள்ளே விழுந்திருந்தாள்.

“மாப்பிள்ளை, முன் போல்ட் மாட்டல. எறங்குங்க” என்றாள்.

சொன்னாள், சொல்லவில்லை என்று யாரும் பழி போட முடியாது. ஆனால் பிறந்ததிலிருந்து அவள் எதையும் அவ்வளவு மெதுவாகச் சொன்னதில்லை.

“உன் கதையை அந்த டிங்கர்கிட்ட சொல்லு” என்று அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

கார் முன்னால் பாய்ந்தது. சீட் பின்னால் பாய்ந்தது. அவன் கால்கள் இரண்டும் மிதியை விட்டு ஸ்டியரிங்குக்கு மேலே போயின. தலை நேராகக் கோணூசியின் மடிக்கு வந்தது. கார் ஃபோம் மூட்டையில் முட்டி, உறுமி, அணைந்தது.

மல்லாந்தபடியே அவன் தலைக்கு மேல் குத்தினான். கோணூசியின் உதடு கிழிந்து பல் ஒன்று ஆடியது. அவள் ஒடிந்த கையின் முழங்கையை அவன் தொண்டையில் ஊன்றி, நல்ல கையால் தோள்பட்டையிலிருந்து ஊசியை உருவினாள். சட்டைக் காலரையும் புது சீட் உறையையும் சேர்த்துத் தைக்கத் தொடங்கினாள். அவன் திமிரியபோது காது மடலும் நடுவில் வந்தது. வந்ததை அவள் விலக்கவில்லை. இரண்டே தையல் என்பாள் அவள். டிங்கர் பதினொன்று என்பார், அதுவும் இரட்டை நூல் என்பார்.

அவன் அலறிக்கொண்டே பெண்டாட்டி பக்கம் கை நீட்டினான். “தூக்குடி என்னை.”

தங்கச்சியின் நல்ல கை எழுந்தது. அவனை நோக்கியே போனது. கோணூசி அதைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் இவளை எதைக் கொண்டு பிடிப்பது?

அந்தக் கை அவன் கையைத் தாண்டிப் போய்ச் சாவியைத் திருகி உருவியது. ஜன்னல் வழியே வீசியது. பிறகு முஷ்டியாக மடங்கித் திரும்பி வந்து அவன் வாயில் இறங்கியது, ஒரு முறை, இன்னொரு முறை.

“கோட்டுல இருக்கா பாருங்க” என்றாள் தங்கச்சி.

அலறல் கேட்டுத் தெருவில் யாரோ கூப்பிட்டு வந்த போலீஸ்காரர்கள் நூலை அறுக்கத் துணியவில்லை. காது கூடவே வந்துவிடுமோ என்று பயம். பின் போல்ட் இரண்டையும் கழற்றி, சீட்டோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு பக்கத்தை டிங்கர் பிடித்தார். அன்று முதல் அவனைப் பிடித்துக் கொடுத்ததே தான்தான் என்று சொல்லி வருகிறார்.

கோணூசிக்கும் தங்கச்சிக்கும் கட்டுப் போட வேண்டியிருந்தது. பட்டறை வேன் நின்றிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அதை ஓட்டிக்கொண்டிருந்தவள் தங்கச்சிதான். அதன் பிறகு எந்த ஸ்டியரிங்கையும் தொட அவன் விட்டதில்லை.

“உனக்கு வலது கை இருக்கு, எனக்கும் வலது கை இருக்கு. நீ ஸ்டியரிங்கைப் பிடி, நான் கியர் போடறேன்” என்று கோணூசி பக்கத்தில் ஏறினாள்.

தங்கச்சி உட்கார்ந்தாள். கால் மிதிக்கு எட்டவில்லை. சீட்டுக்கு அடியில் இருந்த லீவரைத் தொட்டவள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டு வெளியே இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குனிந்து அந்த இரும்புத் தண்டைப் பார்த்தாள். துருவும் எண்ணெயும்தான் இருந்தன.

“எவ்வளவு தள்றது அக்கா?”

கோணூசி ரத்தத்தை ஜன்னலுக்கு வெளியே துப்பினாள்.

“கால் எட்டுற வரைக்கும்.”